முதல் பத்து மில்லி விநாடி

துணைமின் நிலையத்தில் ஒரு பெரிய மின்மாற்றியைப் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். வேலை முடிந்ததும் திரும்ப மின்சாரம் கொடுக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் இதை ‘சார்ஜ் பண்ணுவது’ என்பார்கள். துணைச் சுருளில் இன்னும் எதையும் இணைக்கவில்லை. ஓர் ஆலை இல்லை, ஒரு தெரு இல்லை, ஒரு விளக்குகூட இல்லை. சுமையில்லாத மின்மாற்றி இழுக்க வேண்டிய மின்னோட்டம் முழுச்சுமையில் நூற்றில் ஒரு பங்கு, பெரிய மின்மாற்றியானால் அதைவிடவும் குறைவு. ஆனால் பிரேக்கர் மூடிய கணத்தில் முழுச்சுமையைப் போல ஐந்து மடங்கு, எட்டு மடங்கு, சில சமயம் பத்து மடங்கு மின்னோட்டம் உள்ளே பாய்கிறது. எப்போதும் சீராக ரீங்கரிக்கும் தொட்டி கரகரத்து உறுமுகிறது. கொஞ்ச நேரத்தில் உறுமல் தேய்ந்து பழைய ரீங்காரத்துக்கு வந்துவிடுகிறது. எங்கும் பழுதில்லை, எதுவும் கருகவில்லை.

பொறியாளர்கள் இதை ‘இன்ரஷ் கரன்ட்’ என்கிறார்கள். நாம் தொடக்கப் பாய்வு என்று சொல்லலாம். ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் 1892இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். பின்னாளில் வெற்றிட வால்வைக் கண்டுபிடித்த அதே ஃப்ளெமிங்தான். அன்றிலிருந்து நெடுங்காலம் மின்துறை இதைத் தடுக்கவில்லை, பொறுத்துக்கொண்டது. பொறுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், பின்னால் நின்ற ஜெனரேட்டர்கள் முரட்டுத்தனமானவை. இப்போது அந்த இடத்தில் இன்வெர்ட்டர்கள் வந்து நிற்கின்றன. அவற்றால் பொறுக்க முடியாது.

பாய்வு ஏன் வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கிலேயே பார்த்துவிடலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அலையின் உச்சியில் அது 325 வோல்ட். ஓர் அரைச்சுற்றுக்கு ஆகும் நேரம் 10 மில்லி விநாடி. சுருளுக்கு நாம் மின்னழுத்தத்தைக் கொடுக்கிறோம். சுருள் சுற்றியிருக்கும் இரும்பு உள்ளகத்தில் சேர்வதோ அந்த மின்னழுத்தமும் அது நீடித்த நேரமும் பெருகிய தொகை. அதை வோல்ட்-விநாடியில் அளக்கிறோம். காந்தப்பாயம் என்பது இந்தத் தொகைதான். ஓர் அரைச்சுற்றின் தொகை ஏறத்தாழ 2.07 வோல்ட்-விநாடி. மின்மாற்றி ஓடிக்கொண்டிருக்கும்போது காந்தப்பாயம் கீழே 1.03இலிருந்து மேலே 1.03 வரை ஏறி இறங்குகிறது. மொத்த ஏற்றம் 2.07; ஆனால் நடுவிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் 1.03க்கு மேல் போவதில்லை. அந்த அளவுக்குத்தான் இரும்பு உள்ளகத்தை வடிவமைத்திருக்கிறார்கள்.

இப்போது நின்றுபோன மின்மாற்றியை எடுத்துக்கொள்வோம். காந்தப்பாயம் சுழி. மின்னழுத்தம் சுழியைக் கடந்து மேலே கிளம்புகிற கணத்தில் சுவிட்சைப் போடுகிறோம். அடுத்த பத்து மில்லி விநாடியில் அதே 2.07 சேர வேண்டும். ஆனால் தொடங்கிய இடம் கீழ்ப்பக்கத்து 1.03 அல்ல, சுழி. ஆகவே சுழியிலிருந்து 2.07 வரை ஏறுகிறது. வடிவமைத்த உச்சத்தைப் போல இரண்டு மடங்கு!

மின்மாற்றிகளில் இன்று பயன்படுவது 1930களில் நார்மன் காஸ் உருவாக்கிய வழியில் வந்த, மணிகள் ஒரே திசையில் அணிவகுத்த சிலிக்கான் எஃகு. வழக்கமாக அதை 1.7 டெஸ்லா அளவில் வேலை வாங்குகிறார்கள். ஏறக்குறைய 2 டெஸ்லாவில் அது தெவிட்டிவிடும். மரக்கால் தலைதட்டி நிரம்பியபின் கொட்டும் நெல்லெல்லாம் தரையில்தான் விழும். உள்ளகமும் அப்படித்தான்: 3.4 டெஸ்லா கேட்டால், 2க்கு மேற்பட்ட பங்கு இரும்பை விட்டுக் காற்றில்தான் போயாக வேண்டும். காற்றில் காந்தப்பாயத்தைச் செலுத்த இரும்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மின்னோட்டம் வேண்டும். அந்த மின்னோட்டத்தைத்தான் மின்வழியிலிருந்து உறிஞ்சுகிறது மின்மாற்றி. மின்னழுத்தம் கூடவில்லை, சுமை இல்லை, குறுக்குச்சுற்று இல்லை. தவறான கணத்தில் தொடங்கியது ஒன்றே குற்றம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடைசியாக மின்மாற்றியை அணைத்தபோது உள்ளகத்தில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடுகிறது. வழக்கமான உச்சத்தில் நூற்றுக்கு எழுபது பங்குவரைகூட அது இருக்கலாம். அணைத்து ஒரு வாரம் ஆனாலும் அது போவதில்லை. புதிய காந்தப்பாயம் அதன் தலைமேல்தான் ஏறும். 1.7 டெஸ்லாவின் எழுபது விழுக்காடும், பிறகு இரட்டிப்பான 3.4உம் ஒரே திசையில் சேர்ந்தால் 4.6 டெஸ்லாவுக்குக் கணக்குப் போகிறது. எஞ்சிய காந்தம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் ஒரே மின்மாற்றி ஒரு நாள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது, மறுநாள் உறுமுகிறது.

ரயில்வேயில் இது அன்றாட விஷயம். தண்டவாளத்துக்கு மேலே செல்லும் 25 கிலோவோல்ட் கம்பி ஒரே தொடராக இருப்பதில்லை. ஒரு பகுதிக்கு மூன்று கட்டங்களில் (ஃபேஸ்) ஒன்றிலிருந்தும் அடுத்த பகுதிக்கு வேறொரு கட்டத்திலிருந்தும் மின்சாரம் வருவதால், நடுவே மின்சாரமே இல்லாத ஒரு சிறு நீளத்தை விட்டிருப்பார்கள். அதற்கு ‘நியூட்ரல் செக்‌ஷன்’ என்று பெயர். 500 மீட்டர் முன்பாக ஒரு பலகை, 250 மீட்டரில் இன்னொன்று, பிறகு ‘டிஜே’யைத் திற என்று ஒரு பலகை; டிஜே என்பது எஞ்சினின் முதன்மைப் பிரேக்கர். வண்டி தன் வேகத்தில் அந்த இடத்தைக் கடந்ததும் டிஜேயை மூடுகிறார்கள். மூடும் ஒவ்வொரு முறையும் எஞ்சினுக்குள் இருக்கும் டன் கணக்கான எடையுள்ள மின்மாற்றி புதிதாகத் தொடங்குகிறது. எந்தக் கணத்தில் திறந்தது என்பதும் தற்செயல், எந்தக் கணத்தில் மூடியது என்பதும் தற்செயல். ஒரு நெடும்பயணத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

பாய்வு எவ்வளவு நேரம் நீடிக்கும்? சுருளின் மின்தடைதான் அதைத் தின்று தீர்க்க வேண்டும். தெருமுனை மின்மாற்றியில் சில சுற்றுகளில் அடங்கிவிடும். பெரிய மின்மாற்றிகளின் சுருள்கள் வீணாக்காமல் கடத்தும் நல்ல சுருள்கள். மின்தடை மிகக் குறைவு. அந்த நற்குணமே இங்கே எதிராகிறது. பல விநாடிகள் இழுக்கும். அதைவிட வேடிக்கை, பக்கத்திலேயே நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு மின்மாற்றியும் இதில் சிக்கிக்கொள்ளும். புதியதின் ஒருபக்கச் சாய்வான மின்னோட்டம் இரண்டுக்கும் பொதுவான மின்வழியின் மின்தடையில் ஒருபக்கச் சாய்வான அழுத்த இழப்பை உண்டாக்குகிறது. அந்தச் சாய்வு பழையதின் உள்ளகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கம் தள்ளித் தெவிட்டச் செய்கிறது. சி.டி. ஹேவர்ட் 1941இல் இதை விரிவாக எழுதினார்.

ஹேவர்டின் கவலை காவல் ரிலேயைப் பற்றியது. மின்மாற்றிக்குள் போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, கணக்கு இடித்தால் ‘உள்ளே பழுது’ என்று துண்டிப்பதுதான் வேறுபாட்டு ரிலேயின் வேலை. தொடக்கப் பாய்வு உள்ளே மட்டுமே போகிறது, வெளியே எதுவும் வருவதில்லை. ரிலேயின் கண்ணுக்கு இது அப்பட்டமான பழுது. கென்னடியும் ஹேவர்டும் 1938இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பாய்வின் அலை வழக்கமான அலை போல இருக்காது. ஒருபக்கம் மட்டும் கூர்முனைகள், இடையில் வெற்றிடம். அப்படிப்பட்ட அலையில் 100 ஹெர்ட்ஸ் கூறு, அதாவது இரண்டாம் ஹார்மோனிக், நிறைய இருக்கும். அமெரிக்காவில் அது 120 ஹெர்ட்ஸ். உண்மையான குறுக்குச்சுற்றில் அவ்வளவு இருக்காது. எனவே இரண்டாம் ஹார்மோனிக் பதினைந்து இருபது விழுக்காட்டைத் தாண்டினால் ரிலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். மின்மாற்றிக் காவலில் இன்றும் இதுதான் பெருவழக்கு.

மிகக் கூர்மையான யோசனை, மறுப்பதற்கில்லை. ஆனால் இது காவலாளிக்குக் கொடுத்த அறிவுரை. பாய்வுக்கு மருந்து ஆகாது. ரிலே பேசாமல் நின்றாலும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டேதான் இருக்கிறது. சுருளின்மீது விழும் விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். மைக்கேல் ஸ்ட்யூரரும் கிளவுஸ் ஃப்ரோலிக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்குச்சுற்று மின்னோட்டத்தில் எழுபது விழுக்காடு அளவுள்ள பாய்வே சில இடங்களில் குறுக்குச்சுற்றுக்கு இணையான விசையைச் சுருளில் உண்டாக்கக்கூடும் என்று காட்டினார்கள். குறுக்குச்சுற்றில் இரு சுருள்களின் மின்னோட்டமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். பாய்வில் ஒரு சுருள் மட்டுமே தனியாக அடி வாங்குகிறது. குறுக்குச்சுற்றுப் பழுதை ரிலே கண நேரத்தில் துண்டித்துவிடும். பாய்வையோ விநாடிக்கணக்கில் ஓட விடுகிறோம், அதுவும் மின்மாற்றியின் வாழ்நாளில் எத்தனை முறை சார்ஜ் செய்கிறோமோ அத்தனை முறை. பாய்வைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற பழைய எண்ணத்தை நான் ஏற்காததற்கு இது முதல் காரணம்.

மருந்தைப் பாய்வின் காரணத்திலேயே தேட வேண்டும். குற்றம் தொடங்கிய கணத்தில் என்றால், கணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளகத்தில் காந்தமே மிச்சமில்லை என்று வைத்துக்கொண்டால், மின்னழுத்தம் உச்சியில் இருக்கும்போது சுவிட்சைப் போட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மின்மாற்றியில் அந்தக் கணத்தில் காந்தப்பாயம் சுழியாகத்தான் இருந்திருக்கும். நாம் தொடங்கும் இடமும் சுழி. இரண்டும் பொருந்திவிட்டால் பாய்வு என்பதே இல்லை. எஞ்சிய காந்தம் இருந்தால், எந்தக் கணத்தில் காந்தப்பாயம் இயல்பாகவே அந்த அளவில் இருந்திருக்குமோ அந்தக் கணத்தில் போட வேண்டும். எழுபது விழுக்காடு மிச்சமிருந்தால், மின்னழுத்தம் சுழியைக் கடந்து ஏறத்தொடங்கியதிலிருந்து சுமார் 7.5 மில்லி விநாடியில் ஒரு வாய்ப்பு வரும், 12.5இல் இன்னொன்று.

ஜான் பிரன்கியும் ஃப்ரோலிக்கும் 2001இல் இதை மூன்று கட்ட மின்மாற்றிக்கு முறையாக வகுத்துக் கொடுத்தார்கள். அணைக்கும்போதே மின்னழுத்தத்தை அளந்து கூட்டிக்கொண்டே வந்தால், எவ்வளவு காந்தம் தங்கியது என்று கணக்கிட்டுவிடலாம். பிறகு ஒரு கட்டத்தை மட்டும் சரியான கணத்தில் மூடுகிறார்கள். அதன் காந்தப்பாயம் உள்ளகத்தின் மற்ற இரண்டு கால்கள் வழியாகத் திரும்பும்போது, அங்கிருந்த பழைய காந்தத்தைச் சில சுற்றுகளில் அழித்துவிடுகிறது. அதன்பின் மற்ற இரண்டையும் ஒன்றாக மூடுகிறார்கள். உள்ளகத்தையே தன் குப்பையைத் தானே பெருக்க வைக்கும் இந்த உத்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இதை நிறைவேற்றுவது ஓர் இயந்திரப் பிரேக்கர். வில் விரிய வேண்டும், தண்டு நகர வேண்டும், முனைகள் தொட வேண்டும். குளிரில் கொஞ்சம் தாமதம், வயதானால் கொஞ்சம் தாமதம். ஒரு மில்லி விநாடி தவறினால் 50 ஹெர்ட்ஸ் அலையில் 18 டிகிரி தவறியதாகும். மூன்று கட்டத்தையும் தனித்தனியே மூடும் பிரேக்கரும் வேண்டும். 400 கிலோவோல்ட்டில் அது இருக்கும். சிறிய அழுத்தங்களில் பெரும்பாலும் மூன்றும் ஒரே இயக்கத்தில் சேர்ந்துதான் மூடும்.

மின்திறன் மின்னணுவியலுக்கு இந்தச் சிரமம் இல்லை. தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சுவிட்சில் நகரும் பாகமே கிடையாது. மைக்ரோ விநாடிக் கணக்கில் திறந்து மின்னோட்டத்தை உள்ளே விடும். ஆனால் கருவி கிடைத்துவிட்டது என்பதற்காக எந்தக் கணத்தில் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று நினைத்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும். இதற்குச் சந்தையிலேயே சான்று இருக்கிறது. ஹீட்டர்களுக்காக விற்கும் திண்மநிலை ரிலேக்களில் பெரும்பாலானவை மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தில்தான் திறக்கும். ஹீட்டருக்கு அது மிக நல்லது, இரைச்சல் வராது. அதையே வாங்கி ஒரு மின்மாற்றிக்குப் போட்டால், ஒவ்வொரு முறையும், தவறாமல், மிக மோசமான கணத்தையே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். கையால் போடும் சுவிட்சிலாவது அதிர்ஷ்டம் சில நாள் நம் பக்கம் இருக்கும். ஆம்பிளிஃபயரில் உள்ள வளைய மின்மாற்றி போட்டதும் எம்சிபியைத் தட்டிவிடுகிறது என்றால், இப்படிப்பட்ட ரிலே நடுவில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தைரிஸ்டரைச் சரியாகப் பயன்படுத்தும் வழி, சிறு சிறு துண்டாகத் தொடங்குவது. ஒவ்வொரு அரைச்சுற்றின் வால்முனையில் மட்டும் திறந்தால் மிகக் குறைந்த வோல்ட்-விநாடியே உள்ளே போகும். அடுத்தடுத்த சுற்றுகளில் திறக்கும் கணத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, துண்டைப் பெரிதாக்கிக்கொண்டே போய் முழு அலையைக் கொடுக்கலாம். மோட்டார்களுக்கு வைக்கும் மென்தொடக்கக் கருவியும் இதையேதான் செய்கிறது. ஆனால் சுமையில்லாத மின்மாற்றியிடம் இது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தைரிஸ்டர் தூண்டப்பட்டதும் அதன் வழியே குறைந்தபட்ச அளவு மின்னோட்டம் ஏறினால்தான் அது திறந்து நிற்கும். காந்தமூட்டும் மின்னோட்டமோ மிகச் சிறியது. அதுவும் மெதுவாக ஏறக்கூடியது. ஒரே ஒரு குறுந்துடிப்பு கொடுத்து விட்டுவிட்டால், ஒருபக்கத்துத் தைரிஸ்டர் பிடித்துக்கொள்ளும், மறுபக்கத்தது நழுவிவிடும். அப்போது உள்ளகத்துக்குப் போவது ஒருபக்கத் துண்டுகள் மட்டுமே. காந்தப்பாயம் ஒரே திசையில் குவிந்து தெவிட்டுகிறது. பாய்வைத் தடுக்க வைத்த கருவியே பாய்வை உண்டாக்கிவிடுகிறது. அதனால் துடிப்புகளைத் தொடராகக் கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு சிறு மின்தடையையும் சுமையாக வைப்பார்கள். முழு அலை வந்தபின், தைரிஸ்டரில் வீணாகும் வெப்பத்தைத் தவிர்க்க ஒரு கான்டாக்டர் அதைத் தாண்டி மூடிக்கொள்ளும். 400 கிலோவோல்ட்டைத் தாங்க நூற்றுக்கு மேற்பட்ட தைரிஸ்டர்களை வரிசையாக அடுக்க வேண்டும். சில விநாடி வேலைக்காக யாரும் அந்தச் செலவைச் செய்யமாட்டார்கள். ஆலைகளின் நடுத்தர அழுத்தம்வரைதான் இதற்குப் பொருள் உண்டு.

அமெரிக்காவில் டக்ளஸ் டெய்லர், ஜோசப் லா, பிரையன் ஜான்சன், நார்மன் ஃபிஷர் ஆகியோர் 2012இல் வெளியிட்ட வழி இன்னும் எளிமையானது. எஞ்சிய காந்தம் எவ்வளவு என்று தெரியாததுதானே சிக்கல்? அதை அளப்பதற்குப் பதிலாக, நமக்கு வேண்டிய அளவுக்கு நாமே ஆக்கிவிடலாம். மின்மாற்றி தனித்து நிற்கும்போது, மின்னேற்றிய ஒரு மின்தேக்கியைச் சுருளில் வெறுமையாக்குகிறார்கள். நடுவில் ஒரு டையோடு இருப்பதால் மின்னோட்டம் திரும்பி வராது. உள்ளகம் ஒரு பக்கத்து எல்லைவரை தள்ளப்பட்டு, தெரிந்த ஓர் அளவில் வந்து நிற்கிறது. பிறகு பிரேக்கரை எந்தக் கோணத்தில் மூட வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. முழு மின்னழுத்தத்தைத் தாங்கவேண்டிய அவசியம் இந்தச் சிறு பெட்டிக்கு இல்லை. வேலை முடிந்ததும் ஒதுங்கிவிடும். மலிவு, எளிமை, பலன் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இதற்குரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

இவை எல்லாவற்றிலும் மின்வழி முன்பே உயிரோடு இருக்கிறது. நாம் அதனோடு சேரும் கணத்தைத்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். மின்னழுத்தத்தையே நாம் உண்டாக்குகிறோம் என்றால்? அப்போது கணம் என்ற கேள்வியே எழாது. இன்வெர்ட்டர் தன் மின்னழுத்தத்தைச் சுழியிலிருந்து சில விநாடிகளில் மெல்ல ஏற்றினால், காந்தப்பாயமும் சிறிய வளையத்திலிருந்து பெரிய வளையமாக விரியும். எஞ்சிய காந்தம் ஒருபக்கம் சாய்த்தாலும், வளையம் தெவிட்டும் எல்லையைத் தொடத்தொட ஒருபக்கச் சிறு மின்னோட்டம் எழுந்து அந்தச் சாய்வைக் கரைத்துக்கொண்டே வரும். ஏற்றம் மெதுவாக இருந்தால் போதும்.

இங்கேதான் பழைய பொறுமைக்கு இடமில்லாமல் போகிறது. சுழலும் ஜெனரேட்டர் கொஞ்ச நேரத்துக்குத் தன் அளவைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைக் கொடுத்துவிடும். தாமிரமும் இரும்பும் அந்தச் சூட்டைத் தாங்கும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிலிக்கான் தாங்காது. அளவைவிட இருபது விழுக்காடு கூடுதல் என்பதே பல இன்வெர்ட்டர்களுக்கு எல்லை. பத்து மடங்கு இழுக்கும் மின்மாற்றியை அதன் முன்னால் திடீரென்று மாட்டினால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். இருண்டுபோன மின்கட்டமைப்பைச் சூரிய மின்னிலையமும் மின்கலமும் வைத்து மீட்டெடுக்க நினைப்பவருக்கு முதல் முட்டுக்கட்டை இதுதான். நீண்ட கேபிள்கள் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: பலவீனமான கட்டமைப்பில் கேபிளின் மின்தேக்கம் 100 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்ந்தால், பாய்வின் இரண்டாம் ஹார்மோனிக் அங்கே அழுத்தத்தை ஊதிப் பெருக்கும்.

பாய்வைத் தாங்க முடியாத அதே கருவிக்கு அதை வரவே விடாமல் செய்யும் திறனும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டம் 2017இல் தன் 33 மெகாவாட் மின்கலத்தைக் கொண்டு, எல் சென்ட்ரோவில் நின்றுகிடந்த 44 மெகாவாட் வாயு டர்பைனைத் தொடங்கிக் காட்டியது. ஸ்காட்லாந்தில் 69 மெகாவாட் டெர்சலாக் காற்றாலைப் பண்ணை 2020இல் வெளி உதவியின்றி கட்டமைப்பின் ஒரு பகுதிக்கு மின்சாரம் ஊட்டியது. தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குப் போகும் 2,000 மெகாவாட் நேர்மின்னோட்ட வழி 2021இல் திறக்கப்பட்டது. அதன் கன்வெர்ட்டர்களும் தம் மின்னழுத்தத்தைத் தாமே உண்டாக்கவல்ல வகையைச் சேர்ந்தவை. 320 கிலோவோல்ட்டில் இயங்குகின்றன. மின்கல நிலையங்களில் இன்னொரு வசதியும் உண்டு. இன்வெர்ட்டர் மின்மாற்றியின் தாழ்வழுத்தப் பக்கத்தில் இருப்பதால், அங்கிருந்தே உள்ளகத்தைக் காந்தமூட்டி, வெளிக் கட்டமைப்பின் அலையோடு ஒத்திசைத்துவிட்டு, பிறகு உயரழுத்தப் பிரேக்கரை மூடலாம். மூடும்போது இருபுறமும் ஒரே அலை. பாய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

மெல்ல ஏற்றும் வழிக்கு ஒரு விலை இருக்கிறது. மின்மாற்றிகளையும் மின்வழிகளையும் முதலிலேயே ஒன்றாகக் கோத்துவிட்டு, மொத்தத்தையும் சுழியிலிருந்து ஏற்றுவதுதான் இதில் சிக்கனமான முறை. ஆனால் அந்த வழியில் எங்கோ ஒரு கம்பி அறுந்து மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். முழு அழுத்தத்தில் என்றால் பழுது மின்னோட்டம் பெரிதாக எழும், ரிலே உடனே பிடித்துவிடும். பத்து விழுக்காடு அழுத்தத்தில் அந்த மின்னோட்டமும் சிறிதாகவே இருக்கும். முழு அழுத்தத்துக்கு அமைத்த ரிலேயின் கண்ணில் படாது. அதனால் ஏற்றும் விநாடிகளுக்கென்று ரிலேக்களுக்கு வேறு அமைப்பு கொடுக்க வேண்டியிருக்கிறது. இல்லையென்றால், குறைந்த அழுத்தத்தில் ஒரு படியில் நின்று, மூன்று கட்டங்களின் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று இன்வெர்ட்டரே பார்த்துவிட்டு மேலே ஏற வேண்டியிருக்கிறது.